வீட்டு மின்சாரத்தைக் கூட்டாக வாங்குதல்

கூட்டுறவுச் சங்கங்களின் அங்கத்தினர்களுக்குக் கூட்டாக வாங்குதல் என்னும் முறை புதியதன்று. விதை, உரம், பிண்ணாக்கு, துணி முதலிய சாமான்களை ஒவ்வொரு குடும்பத்தாரும் தனித்தனியே கடையில் வாங்கும்போது கொடுக்கும் விலை வேறு. சங்கத்தின் மூலம் எல்லோருடைய தேவையையும் ஒன்றாகக் கணக்கிட்டு மொத்தமாகத் தருவிக்கும்போது விழும் விலை வேறு. ஒரு மூட்டை பிண்ணாக்கு வாங்குகிறவன் கடைக்காரன் சொன்ன விலைக்குத் தலையசைக்க வேண்டியவனே. நூறு மூட்டை வேண்டுமென்று கேட்கும் சங்கமோ நான்கு வியாபாரிகளிடம் விலை விசாரித்து, சரக்கையும் சோதித்து, அவற்றுள் நயமானதைத் தேர்ந்துகொள்ளக்கூடும். கூட்டுறவின் முதற் பாடம் இதுவே.

இவ்வுண்மை மூட்டையில் கட்டி வண்டியில் ஏற்றக்கூடிய சரக்குகளுக்கு மட்டுந்தானா, அல்லது கண்ணுக்குத் தோன்றாமல் கம்பியின் வழியே வீட்டுக்குள் வரும் மின்சாரத்துக்கும் பொருந்துமா என்னும் கேள்வி இப்பொழுது பல இடங்களில் எழுந்திருக்கிறது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இதனைச் செய்து பார்த்திருக்கிறார்கள். சில இடங்களில் குடும்பங்களுக்கு நல்ல லாபம் கிடைத்தது. வேறு சில இடங்களில் முதல் வருஷத்தில் கிடைத்த லாபம் அடுத்த வருஷத்தில் மறைந்துபோயிற்று. லாபம் கிடைத்த காரணத்தையும், அது மறைந்த காரணத்தையும் ஒருங்கே அறிந்துகொள்வதே சங்க அங்கத்தினர்களுக்குப் பிரயோஜனமாகும். ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டுமென்பது நம் பெரியோர் வாக்கு.

கட்டணத்தின் இரு பகுதிகள்

முதலாவது, மின்சாரக் கட்டணம் எவ்விதம் ஏற்படுகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு வீட்டார் செலுத்தும் தொகையில் இரண்டு பாகங்கள் அடங்கியிருக்கின்றன. ஒன்று, மின்சாரம் என்னும் சரக்கின் விலை. அணைக்கட்டிலோ, நிலக்கரி அல்லது எரிவாயு கொண்டு நடக்கும் நிலையத்திலோ, காற்றாலையிலோ உற்பத்தியாகும் சக்திக்கு யூனிட் ஒன்றுக்கு இவ்வளவு என்று கொடுக்கும் விலை அது. மற்றொன்று, அச்சரக்கை வீட்டு வாசல் வரையில் கொண்டுவந்து சேர்க்கும் கூலி. கம்பங்கள், கம்பிகள், டிரான்ஸ்பார்மர்கள், மீட்டர், பழுது பார்க்கும் ஆட்கள் ஆகிய இவற்றின் செலவு இதில் அடங்கும்.

கூட்டாக வாங்குவதினால் சாதாரணமாகக் குறையக்கூடியது முதற் பாகம் மட்டுமே. ஒரு தெருவுக்கு ஒரே வரிசைக் கம்பம்தான் இருக்கமுடியுமாதலால், கம்பிக் கூலியில் போட்டிக்கு இடமில்லை. அதனைச் சர்க்கார் நியமித்த சபையார் நிர்ணயிக்கிறார்கள். இதனைக் கவனியாமல், "நூற்றுக்கு 20 வீதம் குறையும்" என்னும் விளம்பரத்தைக் கண்டு, மொத்தக் கட்டணமே அவ்வளவு குறையுமென்று நம்பினோர் பலர். உதாரணமாக, ஒரு குடும்பத்தின் கட்டணம் 100 ரூபாய் என்றும், அதில் சரக்கின் விலை 60 ரூபாய், கம்பிக் கூலி 40 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். சரக்கின் விலை நூற்றுக்கு 20 வீதம் குறைந்தால் மிச்சமாவது 12 ரூபாயே, 20 ரூபாயன்று. 12 ரூபாயும் அற்பமல்ல. ஆயினும் 20 என்று எண்ணிக்கொண்டு 12ஐப் பெறுகிறவன் தான் ஏமாற்றப்பட்டதாகவே நினைப்பான்.

கூட்டாக வாங்கினால் விலை ஏன் குறைகிறது?

இதற்குக் காரணங்கள் மூன்று. முதலாவது, விற்பவனுக்குச் செலவு குறைகிறது. வீடு வீடாகச் சென்று ஆள் பிடிப்பதற்கும், விளம்பரம் செய்வதற்கும், தரகு கொடுப்பதற்கும் ஆகும் பணம், பதினாயிரம் குடும்பங்கள் ஒரே ஒப்பந்தத்தில் வந்து சேரும்போது பெரும்பாலும் மிச்சமாகிறது. இரண்டாவது, போட்டி உண்டாகிறது. தனி ஒருவனுக்காக எந்தக் கம்பெனியும் தன் விலையைக் குறைக்காது. பெரிய கூட்டத்தை இழக்க மனமில்லாமல் குறைக்கும். மூன்றாவது, தேவை சமனப்படுகிறது. ஒரு வீட்டார் மாலையில் அதிகமாக மின்சாரம் செலவிடுவர். மற்றொருவர் காலையில் செலவிடுவர். கடைக்காரர் பகலில் செலவிடுவர். யாவரையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தால் ஏற்ற இறக்கம் குறைவாயிருக்கும். அவ்வாறு ஒரு நிதானமாகச் செலவாகும் மின்சாரத்தை முன்கூட்டியே மொத்தச் சந்தையில் வாங்கி வைப்பது விற்பவனுக்கு எளிது.

ஆனால் இம்மூன்றினாலும் குறையக்கூடிய விலைக்கு ஓர் எல்லை உண்டு. நிலக்கரியும் எரிவாயுவும் விலை ஏறிவிட்டால், எவ்வளவு பெரிய கூட்டமும் அந்த விலைக்குக் கீழே வாங்கமுடியாது. பருத்தி விலை இருமடங்கான காலத்தில், சங்கத்தின் மூலம் வாங்கினாலும் துணி பழைய விலைக்குக் கிடைப்பதில்லையல்லவா? அதைப்போன்றதே இதுவும்.

அமெரிக்கக் குடியானவர்கள் செய்த காரியம்

1935ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்க நகரங்களில் நூற்றுக்குச் சுமார் 90 வீடுகளில் மின்சார விளக்கு எரிந்தது. நாட்டுப்புறத்திலோ நூற்றுக்குச் சுமார் 10 பண்ணை வீடுகளே அந்த வசதியைப் பெற்றிருந்தன. மைலுக்கு இரண்டு மூன்று வீடுகள் உள்ள இடத்தில் கம்பி இழுப்பது கட்டுபடியாகாது என்று கம்பெனிகள் மறுத்தன. இழுப்பதானால் மைலுக்கு 1,500 முதல் 2,000 டாலர் வரை ஆகும் என்றன. குடியானவனின் மனைவி கிணற்றிலிருந்து நீர் சேந்தியும், அடுப்பில் இரும்புப் பெட்டியைக் காய்ச்சித் துணி தேய்த்தும், மண்ணெண்ணெய் விளக்கின் அடியில் பிள்ளைகளைப் படிக்கவைத்தும் காலங்கழித்தாள்.

1933ஆம் ஆண்டில் டென்னஸி நதிப் பள்ளத்தாக்கு அதிகார சபை என்னும் சர்க்கார் ஸ்தாபனம் ஏற்பட்டது. அது அணைகளில் உற்பத்தியாகும் மின்சாரத்தை மொத்த விலைக்கு விற்க முன்வந்தது. வாங்குவதற்கு ஆள் வேண்டுமே! 1934ஆம் ஆண்டில் மிஸ்ஸிஸிப்பி மாகாணத்தில் ஆல்கார்ன் ஜில்லாவில், காரிந்த் என்னும் சிறு பட்டணத்தாரும் சுற்றுப்புறப் பண்ணைக்காரரும் ஒரே சங்கமாகச் சேர்ந்து, அந்த மின்சாரத்தை மொத்தமாக வாங்கித் தங்களுக்குள் விநியோகித்துக்கொண்டனர். பட்டணத்தில் வீடுகள் நெருக்கமாக இருந்ததால் செலவு குறைவு, நாட்டுப்புறத்தில் அதிகம். இரண்டையும் ஒரே கணக்கில் சேர்த்ததனால் தூரத்திலுள்ள குடியானவனுக்கும் விளக்கு கிடைத்தது. வலியவன் தோள் கொடுக்க, எளியவனும் உடன் நடந்தான் என்று சொல்லலாம்.

அதன்பின், 1935ஆம் ஆண்டு மே மாதம் 11ஆம் தேதி ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கிராம மின்சார நிர்வாகம் என்னும் இலாகாவை ஏற்படுத்தினார். அடுத்த வருஷம் மே மாதத்தில் அதற்கெனச் சட்டமும் இயற்றப்பட்டது. குறைந்த வட்டிக்கு நீண்டகாலக் கடன் கொடுப்பதே அவ்விலாகாவின் வேலை. கம்பெனிகள் அதிகமாக முன்வரவில்லை. குடியானவர்களின் கூட்டுறவுச் சங்கங்களே முன்வந்தன. பெரும்பாலான சங்கங்களில் பிரவேசக் கட்டணம் 5 டாலர். அக்காலத்துக் குடியானவனுக்கு அது சிறு தொகையன்று. பல சங்கங்களில் அங்கத்தினர்களே தங்கள் மீட்டரைப் பார்த்துக் கணக்கெழுதி அனுப்பிவந்தனர். குமாஸ்தாவின் சம்பளம் மிச்சமாயிற்று. ஒரே மாதிரியான கம்பங்களையும் கம்பிகளையும் மொத்தமாகத் தருவித்து வரிசையாக வேலை செய்ததினால், மைலுக்கு ஆகும் செலவு 1,000 டாலருக்கும் கீழே இறங்கிற்று. 1953ஆம் ஆண்டில் நூற்றுக்கு 90க்கு மேற்பட்ட பண்ணைகளில் மின்சாரம் வந்துவிட்டது.

இன்று அந்நாட்டில் ஏறக்குறைய 900 மின்சாரக் கூட்டுறவுச் சங்கங்கள் சுமார் 4 கோடியே 20 லட்சம் ஜனங்களுக்கு மின்சாரம் அளித்துவருகின்றன. தனித்தனிச் சங்கங்கள் மின்சாரத்தை வாங்குவதிலும் பேரம் பேசும் வலிமை போதாதென்று கண்டு, பல சங்கங்கள் சேர்ந்து உற்பத்திச் சமாஜங்களை அமைத்திருக்கின்றன. அத்தகைய சமாஜங்கள் 60க்கு மேற்பட்டவை உள்ளன. நம் பிரதமச் சங்கங்கள் சேர்ந்து மத்திய பாங்கியை அமைத்துக்கொண்டதற்கு இது ஒப்பாகும். வருஷக் கணக்கில் மிஞ்சும் தொகையும் அங்கத்தினர்களுக்கே உரியது. அவரவர் வாங்கிய மின்சாரத்தின் அளவுக்குத் தக்கபடி அவரவர் பேரில் வரவு வைக்கப்பட்டு, காலக்கிரமத்தில் திருப்பிக் கொடுக்கப்படுகிறது.

ஊரார் சேர்ந்து வாங்கும் புதிய முறை

நிற்க. 1990ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் அமெரிக்காவின் சில மாகாணங்களில் சட்டங்கள் மாற்றப்பட்டன. கம்பியின் சொந்தக்காரன் ஒருவனாகவும், மின்சாரத்தை விற்பவன் வேறொருவனாகவும் இருக்கலாமென்று விதிக்கப்பட்டது. பெரிய ஆலைகள் உடனே நல்ல விலைக்கு வாங்கத் தொடங்கின. ஆனால் சாதாரணக் குடும்பத்தை நாடி எந்த வியாபாரியும் குறைந்த விலையோடு வரவில்லை. இந்தக் குறையை நிவர்த்திக்க மாஸ்ஸசூஸெட்ஸ் மாகாணத்தில் 1997ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு வழி வகுக்கப்பட்டது. ஒரு நகரசபையோ ஊர்ச்சபையோ தன் எல்லையிலுள்ள எல்லா வீடுகளுக்குமாகச் சேர்த்து மின்சாரம் வாங்க ஒப்பந்தம் செய்யலாம் என்பதே அவ்வழி. அவ்வாண்டிலேயே கேப் காட் தீபகற்பத்திலும் மார்த்தாஸ் வினியர்ட் தீவிலுமுள்ள ஊர்கள் ஒன்றுசேர்ந்து ஒரு கூட்டு ஸ்தாபனத்தை நிறுவின. அதில் சேர்ந்த ஊர்கள் 21. பின்னர் ஒஹாயோ, இல்லினாய், கலிபோர்னியா முதலிய மாகாணங்களிலும் இம்முறை பரவிற்று.

இதில் அங்கத்தினரைச் சேர்க்கும் விதம் இரண்டு. சேருவதாக எழுதிக் கொடுத்தவரை மட்டும் சேர்ப்பது ஒரு விதம். ஊரில் எல்லோரையும் சேர்த்துவிட்டு, வேண்டாமென்று எழுதிக் கொடுத்தவரை மட்டும் நீக்குவது மற்றொரு விதம். முதல் விதத்தில் ஒவ்வொருவரின் மனப்பூர்வமான சம்மதம் இருக்கிறது. ஆனால் கூட்டம் சிறுத்துப்போகிறது. இரண்டாவது விதத்தில் கூட்டம் பெருகுகிறது, பேரம் பேச வலிமை உண்டாகிறது. ஆனால் தாம் சேர்க்கப்பட்டதையே அறியாத குடும்பங்கள் பல இருக்கும். ஆகையால் இல்லினாயில், இரண்டாவது விதத்தைக் கையாளுவதற்குமுன் ஊரில் பொது வாக்கெடுப்பு நடத்தவேண்டுமென்று சட்டம் விதித்தது.

சிக்காகோ நகரத்தின் அனுபவம்

இல்லினாய் மாகாணத்தில் சட்டம் இயற்றப்பட்டது 2009ஆம் ஆண்டில். நூற்றுக்கணக்கான ஊர்கள் வாக்கெடுத்துச் சேர்ந்தன. 2012ஆம் ஆண்டு நவம்பரில் சிக்காகோ மாநகரத்தாரும் வாக்களித்து இசைந்தனர். டிசம்பர் மாதத்தில் நகரசபை ஒரு கம்பெனியோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. ஏறக்குறைய 7 லட்சம் வீடுகளும் சிறு கடைகளும் ஒரே கூட்டமாக வாங்கின. பழைய கம்பெனியின் விலை யூனிட்டுக்குச் சுமார் 8.3 சென்ட், புதிய ஒப்பந்த விலை சுமார் 5.4 சென்ட். மாதம் 600 யூனிட் செலவிடும் குடும்பத்துக்கு மாதம் 17 டாலருக்கு மேல் மிச்சம். நிலக்கரியினால் உற்பத்தியான மின்சாரம் வேண்டாமென்ற நிபந்தனையும் ஒப்பந்தத்தில் சேர்க்கப்பட்டது. ஜனங்கள் மகிழ்ந்தார்கள்.

ஆனால் இம்மகிழ்ச்சிக்குக் காரணம் கூட்டத்தின் பலம் மட்டுமன்று. பழைய கம்பெனியின் மின்சாரத்தில் ஒரு பகுதி, சில வருஷங்களுக்குமுன் சந்தை உயர்ந்திருந்த காலத்தில் செய்யப்பட்ட நீண்டகால ஒப்பந்தங்களின்படி வந்துகொண்டிருந்தது. இதற்கிடையில் அமெரிக்காவில் எரிவாயு மலிந்து சந்தை விலை இறங்கிவிட்டது. ஆகையால் புதிதாக வாங்கியவர்களுக்கு மலிவாகவும், பழைய ஒப்பந்தத்தில் கட்டுண்டவர்களுக்கு விலை உயர்வாகவும் இருந்தது. 2013ஆம் ஆண்டு மத்தியில் அந்தப் பழைய ஒப்பந்தங்கள் முடிவடைந்தன. உடனே பழைய கம்பெனியின் விலையும் இறங்கிற்று. இரண்டு விலைகளுக்கும் இடையேயிருந்த வித்தியாசம் ஏறக்குறைய மறைந்தது. 2015ஆம் ஆண்டில் சிக்காகோ நகரசபை இந்த ஏற்பாட்டை முடித்துக்கொண்டு, குடும்பங்களைப் பழைய கம்பெனியிடமே திருப்பி அனுப்பிற்று.

இதனைத் தோல்வி என்று கூறுவது சரியன்று. லாபம் இருந்தவரையில் குடும்பங்கள் அதனைப் பெற்றன. இல்லாதபோது நகரசபையார் பிடிவாதம் செய்யாமல் விலகிக்கொண்டனர். ஒப்பந்தத்தை விட்டு விலகக் குடும்பங்களுக்குத் தடை இருந்திருந்தால், முதலில் மிஞ்சிய தொகையைப் பின்னர் இழந்திருப்பர். வாசல் திறந்திருந்தமையே அவர்களைக் காப்பாற்றியது.

ஒஹாயோவில் நேர்ந்த சங்கடம்

ஒஹாயோ மாகாணத்தின் வடகிழக்குப் பகுதியிலுள்ள ஊர்கள் 2000ஆம் ஆண்டில் ஒரு கூட்டு ஸ்தாபனத்தை அமைத்தன. அது பல வருஷங்கள் நன்றாகவே நடந்தது. நாட்டிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்றாயிற்று. 2022ஆம் ஆண்டில் உக்ரேன் யுத்தத்தையொட்டி எரிவாயு விலை மிகவும் உயர்ந்தது. கூட்டு ஸ்தாபனத்தின் விலை சந்தையோடு ஏறிவிட்டது. கம்பிக் கம்பெனிகளின் சாதாரண விலையோ, முன்னரே ஏலத்தில் நிர்ணயமாகியிருந்தபடியால் அவ்வளவு ஏறவில்லை. இந்நிலையில் அந்த ஸ்தாபனம் 5 லட்சத்துக்கு மேற்பட்ட குடும்பங்களைக் கம்பிக் கம்பெனிகளிடம் ஒரேயடியாகத் திருப்பி அனுப்பிற்று. அக்குடும்பங்களுக்கு அது நன்மையாக முடிந்தது. ஆனால் எதிர்பாராமல் வந்து சேர்ந்த இவர்களுக்காகக் கம்பெனிகள் அதிக விலை கொடுத்து மின்சாரம் வாங்க நேருமென்றும், அந்தச் சுமை மற்றவர்கள் தலையிலும் விழுமென்றும் ஆட்சேபம் எழுந்தது. மாகாணத்தின் பொதுப்பணிக் கமிஷன் அந்த ஸ்தாபனத்தின் அனுமதிப் பத்திரத்தை ஏன் நிறுத்திவைக்கலாகாது என்று விளக்கம் கேட்டது. அடுத்த வருஷம் அந்த ஸ்தாபனம் மீண்டும் தன் வேலையைத் தொடங்கிற்று.

இதிலிருந்து அறியவேண்டியது யாதெனில், கூட்டம் பெரிதாக ஆக அதன் பொறுப்பும் பெரிதாகிறது என்பதே. ஒருவன் கடை மாறினால் யாருக்கும் தெரியாது. ஓர் ஊரே கடை மாறினால் அடுத்த ஊரின் விலையும் அசையும்.

பிரிட்டனில் நடந்த ஏலம்

பிரிட்டனில் வேறொரு முறை கையாளப்பட்டது. 2012ஆம் ஆண்டில் விச் என்னும் உபயோகிப்போர் சங்கமும், முப்பத்தெட்டு டிகிரி என்னும் பொதுஜன இயக்கமும் சேர்ந்து, மின்சாரமும் எரிவாயுவும் மலிவாக வேண்டுவோர் தங்கள் பெயரைக் கொடுக்கலாமென்று அறிவித்தன. சுமார் 2,87,000 பேர் பெயர் கொடுத்தனர். கம்பெனிகளிடையே தலைகீழ் ஏலம் நடத்தப்பட்டது. நம் ஊர்களில் குத்தகை ஏலத்தில் கேள்வி மேலே ஏறும். இந்த ஏலத்தில் கீழே இறங்கும். எல்லாரினும் குறைவாகக் கேட்டு வென்றது, மிட்லண்ட்ஸ் பகுதியைச் சேர்ந்த ஒரு கூட்டுறவுச் சங்கம் அதற்கு முந்திய ஆண்டில் தொடங்கிய மின்சார ஸ்தாபனமே. கம்பெனியை மாற்றிக்கொண்ட குடும்பத்தாருக்குச் சராசரியாக வருஷத்துக்குச் சுமார் 223 பவுன் மிச்சமாயிற்று.

ஆனால் கவனிக்கத்தக்க விஷயம் ஒன்றுண்டு. பெயர் கொடுத்த 2,87,000 பேரில் உண்மையில் மாற்றிக்கொண்டவர்கள் சுமார் 37,000 பேரே. அதாவது நூற்றுக்கு 13 பேர். மற்றவர்களில் சிலருக்கு முன்னரே நல்ல விலை அமைந்திருக்கலாம். வேறு சிலர் கடிதம் வந்தும் பிரித்துப் பாராமல் இருந்திருக்கலாம். எவ்வாறாயினும், பெயர் கொடுப்பது வேறு, காரியத்தை முடிப்பது வேறு என்பது விளங்குகிறது.

இக்குறையை நீக்க 2018ஆம் ஆண்டில் அந்நாட்டு மின்சார ஒழுங்குமுறை இலாகா ஒரு பரீக்ஷை நடத்திற்று. பல வருஷங்களாகக் கம்பெனியை மாற்றாமல் அதிக விலை கொடுத்துவந்த 50,000 பேரைத் தெரிந்தெடுத்து, அவரவர்க்கு எவ்வளவு மிச்சமாகும் என்பதை அவரவர் பெயரிட்டுக் கடிதத்தில் எழுதி அனுப்பினார்கள். சந்தேகம் கேட்போர்க்கு டெலிபோனில் விளக்கம் சொல்ல ஆட்களும் இருந்தனர். நூற்றுக்கு 22 பேர் மாற்றிக்கொண்டனர். கடிதம் பெறாத அதே வகையினரில் மாற்றிக்கொண்டவர் நூற்றுக்கு 3 பேருக்கும் குறைவு. மாற்றியவர்களுக்குச் சராசரி மிச்சம் வருஷத்துக்கு ஏறக்குறைய 300 பவுன். பொது விளம்பரத்தைக் காட்டிலும், ஒவ்வொருவருக்கும் அவரவர் கணக்கை எடுத்துக் காட்டுவது எவ்வளவு பலன் தருமென்பது இதனால் நன்கு ருசுவாகிறது.

2021ஆம் ஆண்டின் பிற்பகுதியில் எரிவாயு விலை திடீரென உயர்ந்தபோது, பிரிட்டனில் மின்சாரம் விற்றுவந்த சிறு கம்பெனிகள் சுமார் 30 முறிந்துபோயின. மிகக் குறைந்த விலை கூறி ஆள் சேர்த்த பல கம்பெனிகள் முன்கூட்டியே சரக்கு வாங்கி வைக்கவில்லை. சந்தை ஏறியவுடன் வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் இடையே அகப்பட்டு நசுங்கின. அவற்றின் வாடிக்கைக்காரர்களுக்கு விளக்கு அணையவில்லை. இலாகாவார் அவர்களை வேறு கம்பெனிகளுக்கு மாற்றினர். ஆயினும் அதனால் ஏற்பட்ட நஷ்டம் முடிவில் எல்லாக் குடும்பங்களின் கட்டணத்திலும் சேர்க்கப்பட்டது. மலிவு விலை கூறுபவன் அந்த விலைக்குத் தொடர்ந்து கொடுக்கும் சக்தியுள்ளவன்தானா என்று விசாரியாமல் விட்டதன் விளைவு இது.

இந்நாட்டு நிலைமை

இந்தியாவில் 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின்படி, பெரிய ஆலைகள் தாங்கள் விரும்பியவரிடம் மின்சாரம் வாங்க இடமுண்டு. தமிழ்நாட்டுப் பஞ்சாலைகள் பல, காற்றாலைகளில் பங்கு வாங்கித் தங்களுக்கு வேண்டிய மின்சாரத்தைக் கூட்டாக உற்பத்தி செய்துகொள்வதும் அச்சட்டத்தை அநுசரித்தே. வீடுகளுக்கு அவ்வித உரிமை நடைமுறையில் இல்லை. ஆகவே சிக்காகோவில் செய்ததைப் போல ஓர் ஊரார் சேர்ந்து வேறு விற்பனையாளரைத் தேடுவதற்கு இங்கே வழி இல்லை. கர்நாடகத்தில் ஹுக்கேரியிலும், தெலுங்கானாவில் சிர்ஸில்லாவிலும் 1970ஆம் ஆண்டையொட்டித் தோன்றிய கிராம மின்சாரக் கூட்டுறவுச் சங்கங்கள், அமெரிக்கச் சங்கங்களை முன்மாதிரியாகக் கொண்டு, மொத்தமாக வாங்கி அங்கத்தினர்களுக்கு விநியோகித்து வருகின்றன.

ஆயினும் வீட்டு மின்சாரச் செலவைக் குறைக்க, மின்சாரத்தையே கூட்டாக வாங்க வேண்டுமென்பதில்லை. மின்சாரத்தைச் செலவிடும் சாதனத்தைக் கூட்டாக வாங்கினாலும் போதும். இதற்குச் சிறந்த உதாரணம் எல்.இ.டி. விளக்குகள். 2014ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இந்திய சர்க்காரின் ஸ்தாபனம் ஒன்று ஒரு விளக்கை 310 ரூபாய்க்குக் கொள்முதல் செய்தது. நாடு முழுவதன் தேவையையும் ஒன்றாகத் திரட்டி, மேன்மேலும் பெரிய அளவில் டெண்டர் கேட்கக் கேட்க விலை இறங்கிக்கொண்டே வந்து, 2016ஆம் ஆண்டில் வரி நீங்கலாக 38 ரூபாய்க்கு வந்துவிட்டது. உஜாலா என்னும் அத்திட்டத்தின்கீழ் 36 கோடிக்கு மேற்பட்ட விளக்குகள் விநியோகிக்கப்பட்டன.

60 வாட் பழைய விளக்கை எடுத்துவிட்டு 9 வாட் விளக்கைப் போட்டால் மிச்சமாவது 51 வாட். நாளொன்றுக்கு 5 மணி நேரம் எரிந்தால் வருஷத்தில் சுமார் 93 யூனிட் மிச்சம். நான்கு விளக்குகள் உள்ள வீட்டில் 372 யூனிட். சந்தை விலை ஏறினாலும் இறங்கினாலும் இந்த மிச்சம் மாறாது. மின்விசிறி, நீரிறைக்கும் பம்பு, கூரைமேல் வைக்கும் சூரிய ஒளித் தகடு ஆகியவற்றையும் சங்கங்கள் கூட்டாக விலை விசாரித்து வாங்கலாம். இதற்குப் புதிய சட்டம் ஒன்றும் வேண்டுவதில்லை.

கவனிக்க வேண்டிய விதிகள்

மேற்கூறியவற்றிலிருந்து, கூட்டாக வாங்க முற்படும் எந்தச் சங்கமும் கடைப்பிடிக்கவேண்டிய விதிகள் சில ஏற்படுகின்றன.

1. ஒப்பந்தம் எத்தனை மாதத்துக்கு, அதற்கிடையில் விலை ஏறுமா என்பதை முதலில் எழுத்தில் பெறவேண்டும்.

2. அபராதமின்றி விலகும் உரிமை ஒவ்வோர் அங்கத்தினருக்கும் இருக்கவேண்டும்.

3. தரகர் ஒருவர் இடையில் இருந்தால், அவருக்கு யார் எவ்வளவு கொடுக்கிறார் என்பது பொது மகாசபையில் வெளியிடப்படவேண்டும். யூனிட்டுக்கு இவ்வளவு என்று தரகு பெறுகிறவர், செலவு அதிகமாவதையே விரும்புவார்.

4. விலை குறைவானவனைத் தேர்ந்தெடுக்குமுன், அவன் நிலைத்து நிற்கக்கூடியவனா என்பதை விசாரிக்கவேண்டும்.

5. குறையும் தொகையை நூற்றுக்கு இத்தனை வீதம் என்று சொல்லாமல், இன்ன குடும்பத்துக்கு மாதம் இத்தனை ரூபாய் என்று கணக்கிட்டுச் சொல்லவேண்டும்.

6. எழுதப் படிக்கத் தெரியாத அங்கத்தினரின் வீட்டுக்குக் காரியதரிசியோ நிர்வாக சபை அங்கத்தினரோ நேரில் சென்று விளக்கவேண்டும். கடிதம் அனுப்பியதோடு கடமை தீர்ந்துவிடாது.

7. வருஷந்தோறும் விலையை மறுபடியும் ஒப்பிட்டுப் பார்த்து, லாபம் இல்லையெனில் அதனை மறைக்காமல் மகாசபைக்குத் தெரிவிக்கவேண்டும்.

முடிவுரை

ஒருநாள் ஒன்றுகூடி மலிவாக வாங்கிவிட்டு மறுநாள் பிரிந்துவிடும் கூட்டத்துக்கும், கூட்டுறவுச் சங்கத்துக்கும் வேற்றுமை பெரிது. முன்னதில் உள்ளவர்கள் வாடிக்கைக்காரர்களே. விலை ஏறியதும் கலைந்துபோவார்கள். பின்னதில் உள்ளவர்கள் சொந்தக்காரர்கள். ஆல்கார்ன் ஜில்லாவின் குடியானவர்கள் 1934இல் மின்சாரத்தை மட்டும் வாங்கவில்லை; கம்பத்தையும் கம்பியையும் கணக்குப் புஸ்தகத்தையும் தங்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள். ஆகையால்தான் விலை ஏறிய வருஷங்களிலும் அவர்களுடைய சங்கம் நிலைத்து நின்றது. ஊர் கூடித் தேர் இழுப்பதென்றால், வடத்தைப் பிடிப்பது மட்டும் போதாது. தேர் நிலைக்கு வந்து சேரும்வரை விடாமலும் இருக்கவேண்டும். நம் சங்க அங்கத்தினர்கள் எந்தச் சரக்கைக் கூட்டாக வாங்கினாலும், விலையைப் போலவே கணக்கையும் பார்ப்பார்களாக.

சங்கக் கூட்டங்களில் விவாதிக்கத்தக்க கேள்விகள்

1. ஒரு வீட்டின் மின்சாரக் கட்டணத்தில் அடங்கிய இரு பாகங்கள் எவை? கூட்டாக வாங்குவதினால் குறையக்கூடியது எது?

2. சிக்காகோ நகரத்தாருக்கு 2013இன் தொடக்கத்தில் கிடைத்த லாபம் பின்னர் மறைந்ததற்குக் காரணம் யாது?

3. பிரிட்டனில் பெயர் கொடுத்தவர்களில் நூற்றுக்கு 13 பேரே மாற்றிக்கொண்டனர். நம் சங்கத்தில் தீர்மானத்துக்குக் கை தூக்கியவர்களில் எத்தனை பேர் காரியத்தை முடிக்கிறார்கள்?

4. நம் ஊரில் இன்னும் பழைய விளக்குகளை உபயோகிக்கும் வீடுகள் எத்தனை? அவற்றை மாற்ற ஆகும் செலவு எவ்வளவு? எத்தனை மாதத்தில் அந்தத் தொகை திரும்பும்?